கல்லுக்காரக் கண்டக்டர்

அவருடைய காக்கிச் சட்டையின் இடது பையில் ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்கும். அதில் பொடி இருக்காது. பஞ்சு வைத்து, பஞ்சின் மேல் ஒரு கல்லை வைத்திருப்பார். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. பழுப்பு நிறம். நெருஞ்சிக் காயைப் போல மேலெல்லாம் கூர். பஸ் எங்கேயாவது நின்று, ஆண்கள் இறங்கிப் பீடி பற்றவைக்கும் நேரத்தில் டப்பாவைத் திறந்து காட்டுவார்.

"இது எங்கன இருந்து வந்துச்சு தெரியுமா?"

புதிதாக வந்தவர்கள் ஏதாவது விலையுயர்ந்த கல்லா என்று கேட்பார்கள். ரத்தின வியாபாரிகளின் ஊரான கீழக்கரை வழியாகப் போகிற பஸ்ஸில் அப்படிக் கேட்பதில் தவறில்லை. அவர் தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுவார்.

"இங்கன இருந்து. இதப் பெத்தெடுக்க நான் கத்துன கத்துல எங்க தெருவே ஒறங்கல. எம் பொண்டாட்டி நாலு பெத்தா, இந்தக் கத்து கத்தல. எதுனால வந்துச்சு? தண்ணி குடிக்காததுனால. போங்க, போயி ஆளுக்கு ஒரு செம்பு குடிச்சிட்டு வந்து பீடியக் குடிங்க."

அவர் ராமநாதபுரம் – சாயல்குடி பஸ்ஸின் கண்டக்டர். நாடு சுதந்திரம் அடைந்து ஐந்தாறு வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் சாயல்குடிக்குப் பக்கத்தில் மாரியூரில் எலிமெண்டரி ஸ்கூல் டீச்சராக இருந்தேன். வீடு ராமநாதபுரத்தில். திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் போய், வாரம் முழுவதும் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் திரும்புவேன். அவருக்குப் பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கேட்டதில்லை.

இப்போது அவரை நினைப்பதற்குக் காரணம் என் மகள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரமாகச் சுருண்டு படுத்தாள். இடுப்பில் ஒரு பக்கம் வலி என்றாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வீட்டிலிருந்த கம்பளியையெல்லாம் போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். ஒரு கட்டத்தில் டாக்டர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, என் கணவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்காததால் வந்த வினை, நிறையக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பார்க்க வருகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். "ஏன்டி, தண்ணி குடிக்கிறதுக்கு என்ன கேடு ஒனக்கு?" அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். தண்ணீர் குடி என்று சொல்வது சுலபம். குடிக்க வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்தக் கண்டக்டருக்குத்தான் தெரியும். அவருக்கும் அது உடனே தெரிந்துவிடவில்லை.

ஆள் ஒல்லி, நெட்டை. பஸ் கூரைக்குப் பயந்து கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே நடப்பார். இறங்கிய பிறகும் கழுத்து நிமிராது. டிக்கெட் கொடுக்கும்போது ஆளின் கையைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். உதடு காய்ந்திருந்தால், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், "காலையில இருந்து தண்ணி குடிச்சீகளா?" என்று கேட்டுவிடுவார். கல்யாணத்துக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர், சாவு வீட்டுத் துஷ்டிக்குப் போகிறவர் என்ற வித்தியாசம் கிடையாது. ஒரு தடவை அழுதுகொண்டே ஏறிய ஒரு பெரியவரிடமும் கேட்டார். "அழுகிறது சரி. அழுகிறதுக்கும் உள்ள தண்ணி வேணும்ல?" அந்தப் பெரியவர் அழுகையோடு சிரித்துவிட்டார்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நனைந்த சாக்கு சுற்றிய ஒரு மண்கூஜா கம்பியோடு கட்டியிருக்கும். ராமநாதபுரத்தில் ஊருணித் தண்ணீர் பிடித்து நிரப்புவார். எங்கள் கடலோரத்தில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. மணலில் ஊற்றுத் தோண்டி, கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடம் நிரப்புகிற ஊர்கள்தான் அதிகம். அதனால் அந்தக் கூஜாத் தண்ணீருக்காகவே வேறு பஸ்ஸை விட்டுவிட்டு இதற்குக் காத்திருக்கிற ஆண்கள் உண்டு. கூஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தகர டின் இருக்கும். அதிலும் ஊருணித் தண்ணீர்தான். அது ரேடியேட்டருக்கு. பழைய வண்டி, கொஞ்ச தூரம் ஓடினாலே கொதித்துவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும் என்று முதலாளியின் கண்டிப்பான உத்தரவு.

"பாத்தீகளா டீச்சரம்மா? மோட்டாருக்கு உப்புத்தண்ணி ஆகாதாம். கொதிச்சா ஒடனே நிப்பாட்டி, நல்ல தண்ணி ஊத்தணுமாம். இந்த மருவாதி மனுச ஒடம்புக்கு உண்டா? மோட்டாராவது கொதிச்சா மூடியத் தூக்கிக் காட்டும். மனுசனுக்கு உள்ளயே கல்லாப் போயிரும்."

ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் குடிக்கவில்லை. அதுதான் அவரை வதைத்தது.

பஸ்ஸின் முன்பாதி பெண்களுக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரை காய்ந்து, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்தில் வியர்வை ஓடும். மூன்று மணி நேரப் பயணம். கூஜாவைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வருவார். "கொஞ்சம் குடிங்கத்தா. ஊருணித் தண்ணி, சும்மா சக்கரையா இருக்கும்." "வேணாம்யா." "ஒரு மடக்கு?" "இப்பத்தேன் குடிச்சிட்டு ஏறுனோம்." பொய் என்று அவருக்குத் தெரியும். உதடுதான் வெடித்துக் கிடக்கிறதே.

இது சாதி விஷயம் என்று அவர் முடிவு கட்டினார். தான் தொட்டதைக் குடிக்க மாட்டேன் என்கிறார்கள், அதை வாய்விட்டுச் சொல்லவும் கூசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப்பக்கம் வேறு என்ன நினைக்கத் தோன்றும்? ஒரு திங்கட்கிழமை இரண்டாவதாக ஒரு புதுக்கூஜா வந்தது. என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"டீச்சரம்மா, இத நான் தொடல. தண்ணி எடுக்கிற ஒரு அக்காவ விட்டு நெறச்சு, அவுகளையே வண்டியில ஏத்தி வைக்கச் சொன்னேன். நீங்க ஊத்துங்க. நீங்க ஊத்துனா குடிப்பாக."

நான் ஊற்றினேன். யாரும் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. அடுத்த வாரம் கீழக்கரை முஸ்லிம் பெண்களுக்காக மூக்கு வைத்த செம்பு ஒன்று வந்தது. மூக்கையூர் கிறிஸ்தவப் பெண்களுக்காக, அந்த ஊர்ப் பையன் ஒருவனிடம் சொல்லி ஒரு தூக்குச்சட்டி. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, இது பஸ்ஸா, தண்ணிப் பந்தலா? சாமான் வைக்க எடமில்ல. இனிமே ஆளுகள மேல ஏத்திருவமா?"

செம்பும் போயிற்று, தூக்குச்சட்டியும் போயிற்று. பெண்கள் குடித்தபாடில்லை.

கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள் ஒருநாள். சாயல்குடியில் ஏறும்போதே முகம் வெளிறியிருந்தது. குழந்தை மாராப்புக்குள் முட்டிமுட்டி அழுதது. பால் இல்லை. வாலிநோக்கம் விலக்கு ரோட்டைத் தாண்டும்போது அவள் அப்படியே பக்கத்தில் இருந்த பெண்ணின் மேல் சாய்ந்துவிட்டாள். குழந்தையை நான் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்தினார். கூஜாவைச் சாய்த்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் திறந்ததும் வாயில் ஊற்றப் போனார். அவள் அந்த நிலைமையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"என்ன சென்மம் நீங்கள்லாம்? புள்ள பாலுக்குக் கத்துது. ஒடம்புல தண்ணி இல்லாம பாலு எங்கன இருந்து வரும்? நான் தொட்டா ஆகாது, டீச்சரம்மா ஊத்துனா ஆகாது. நோம்பா உங்களுக்கு?"

ஜன்னலோரம் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய கீழக்கரை உம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயதானவர். துப்பட்டிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்.

"நோம்பு போயி ரெண்டு மாசமாச்சு வாப்பா. குடிச்சா எங்கன எறங்குறது?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எங்கன எறங்குறதுன்னா... ஒங்க ஊருலதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ப் படியில் நின்றவர், ராமநாதபுரம் வரை முன்பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில் போகிற நாளென்றால் முதல்நாள் ராத்திரியே நாங்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவோம். வழியில் ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் இறங்குவார்கள், பனைமரம் போதும். எங்களுக்கு எந்த இடம்? கேட்பதற்கும் வாய் வராது. இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய நாலு பெற்ற மனைவிக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் ஏர்வாடி தாண்டி ஒரு வளைவில் விசில் கேட்டது.

"வண்டி கொதிக்குது அண்ணே. தண்ணி ஊத்தணும்."

"எங்கலே கொதிக்குது? இப்பத்தான ஏர்வாடியில ஊத்துனோம்?" என்றார் டிரைவர்.

"கொதிக்கும்ணே. நிப்பாட்டுங்க."

ரோட்டுக்கு இடதுபக்கம் பனங்காடு. வலதுபக்கம் ஒரு கண்மாய்க் கரை, கரைக்கு அந்தப் பக்கம் உடைமுள் மரங்கள் அடர்ந்த உடங்காடு. "ஆம்பளையாளுக எல்லாம் எறங்கி பனங்காட்டுப் பக்கம் காத்தாட நில்லுங்க. ஆவி அடிக்கும், முகரை வெந்துரும்" என்று எல்லாரையும் இடதுபக்கம் ஓட்டிக்கொண்டு போனார். போகிறபோது எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை.

முதலில் எழுந்தது அந்த உம்மாதான். கரை ஏறிப் பார்த்தோம். உடங்காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை, புதிதாக வெட்டியது. முள்ளெல்லாம் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்தது. லீவு நாளில் சைக்கிளில் வந்து வெட்டியிருக்கிறார். மூக்கையூர் கருவாட்டுக்காரி ஒருத்தி, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியமும் இடுப்பில் ஓலைப்பெட்டியுமாக எங்களோடு எப்போதும் வருகிறவள், அந்த முள் குவியலைப் பார்த்துவிட்டு, "மாதாவே, இந்தாளு மாமியாவூட்டுக்குக்கூட இப்படிப் பாதை போட்டிருக்க மாட்டான்" என்றாள். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் பெண்கள் வரிசையில் கூஜா காலியாயிற்று. அவர் காலிக் கூஜாவை ஒரு தடவை தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

பல மாதங்கள் வண்டி அந்த வளைவில் தவறாமல் கொதித்தது. அந்த வருஷம் நான் உண்டாகியிருந்தேன். நான்காம் மாதத்தில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்தேன். பார்த்த லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தண்ணீரைக் குறைக்கக் கூடாது. அடக்கவும் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தால் குழந்தை தங்குவது சந்தேகம். முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள்." வேலையை விடுவதாக வீட்டில் பேச்சு வந்தது. பஸ் வழியில் நிற்கும் என்று சொல்லி நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வண்டி கொதிக்கிற தைரியத்தில் என் வேலையும் வயிற்றுப் பிள்ளையும் இருந்தன.

அந்தப் பொங்கலுக்கு முதலாளி புது பஸ் வாங்கினார்.

பெயிண்ட் வாசனை மாறாத வண்டி. மெத்தை இருக்கை. டிரைவர் மாலை போட்டு, சந்தனம் வைத்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "இது ராமநாதபுரத்துல ஒருவாட்டி ஊத்துனா சாயல்குடி போயித் திரும்பி வார வரைக்கும் தண்ணியே கேக்காது" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கண்டக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முதலாளியும் அன்றைக்கு டிரைவர் பக்கத்து இருக்கையில் வந்தார்.

வளைவு வந்தது. விசில் கேட்டது.

"என்னப்பா?" என்றார் முதலாளி.

"நிப்பாட்டணும் மொதலாளி."

"எதுக்கு? இங்கன யாரு எறங்குறா?"

கண்டக்டர் ஒரு தடவை கூரையைப் பார்த்தார். சொன்னால் எங்கள் எல்லாருக்கும் தலைகுனிவு. ரேடியேட்டரைச் சொல்ல வழியில்லை. பொடி டப்பா இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எனக்குத்தான் மொதலாளி. கல்லு வந்த ஒடம்பு. அடக்க முடியல."

பின்னாலிருந்து ஆண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் இறங்கி, பனங்காட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். "நீங்களும் வாங்கப்பா, தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்று மற்ற ஆண்களையும் கூப்பிட்டுக்கொண்டார்.

அன்று முதல் ஒவ்வொரு நடைக்கும் அதே வளைவில் அவருக்கு அவசரம் வந்தது. போகும்போதும் வந்தது, வரும்போதும் வந்தது. கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "என்ன கண்டக்டரே, வாஷரு தேஞ்சிருச்சோ?" "ஏலே, மோட்டாரு புதுசு, கண்டக்டரு பழசு, இப்ப இவனுக்கு ரேடியேட்டர் மாத்தணும்டா." சாயல்குடி டீக்கடையில் அவரைக் கண்டாலே, "அண்ணனுக்கு டீ வேணாம், தாங்காது" என்பார்களாம். அவருடைய மூத்த மகளுக்குப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள் அப்பனுக்கு ஏதோ வியாதி என்று கேள்விப்பட்டுத் தள்ளிப்போட்டதாகவும் பேச்சு. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாய்ந்த கழுத்தோடு கூஜாவைத் தூக்கிக்கொண்டு வருவார். "குடிங்கத்தா. குடிங்க."

எனக்கு ஆறு மாதம் முடிந்திருந்தபோது முதலாளி மறுபடி வந்தார். பஸ் பிந்துகிறது, ரயிலைப் பிடிக்கிறவர்கள் முறையிடுகிறார்கள் என்று புகார் போயிருந்தது. சனிக்கிழமை மத்தியானம், ராமநாதபுரத்துக்குத் திரும்பும் பஸ். ஏறினதிலிருந்து நான் இரண்டு செம்பு குடித்திருந்தேன்.

வளைவு நெருங்கியதும் விசில் கேட்டது. முதலாளி திரும்பினார்.

"ஒனக்குத்தான?"

"ஆமா மொதலாளி."

"இந்தா பாரு. வியாதிக்காரன வச்சு நான் லைன் ஓட்ட முடியாது. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போயி, ஒடம்பு சரியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வா. இல்லாட்டி பையக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுல கெட."

கண்டக்டர் பணப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். உடம்பு சரி என்று எழுதி வாங்கினால் வண்டி இங்கே நிற்காது. வாங்காவிட்டால் அவர் வண்டியில் இருக்க மாட்டார். இரண்டும் அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

"சரி மொதலாளி," என்றார். "இன்னைக்கி மட்டும் நிப்பாட்டிக்கிருவோம்."

"நிக்க வேணாம். நீ ஓட்டுப்பா."

டிரைவர் ஒரு தடவை கண்டக்டரைப் பார்த்தார், ஒரு தடவை முதலாளியைப் பார்த்தார். வண்டி வளைவைக் கடந்தது. கண்மாய்க் கரை பின்னால் போயிற்று. என் வயிற்றில் குழந்தை புரண்டது. எழுந்து நின்றேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"ஐயா, தயவுசெய்து கேளுங்கள். இது அவருடைய தேக நிலை பற்றியதல்ல. பெண் பிரயாணிகளின் சௌகரியத்தை உத்தேசித்து..."

"என்னம்மா சொல்றீக? ஒக்காருங்க, வண்டி ஓடுதுல்ல."

பக்கத்தில் ஓலைப்பெட்டி நகர்ந்தது. கருவாட்டுக்காரி எழுந்துவிட்டாள்.

"டீச்சரு பொஸ்தகத்துல பேசுது, ஒங்களுக்கு வெளங்காது. நாஞ் சொல்றேன் கேளுங்க. மோளணும்யா. எங்களுக்கு. அந்தாளுக்கு ஒரு வியாதியும் இல்ல, குத்துக்கல்லு கணக்கா இருக்காரு. நாங்க எறங்கணும்னுதான் இத்தன நாளா மானத்த விட்டு நிக்கிறாரு."

"ஆமா வாப்பா, எங்களுக்குத்தான்" என்றது வெள்ளைத் துப்பட்டி. பின்னால் இன்னொருத்தி, "எனக்கும்" என்றாள். அதற்குப் பின்னால் யாரோ, "ஆமாங்கய்யா" என்றாள். முன்பின் பஸ் ஏறியிராத ஒரு கிழவிகூட, என்ன ஏது என்று தெரியாமல், "எனக்குந்தான் சாமி" என்றாள்.

முதலாளி கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒங்க வீட்டுப் பொம்பளையாளுக இந்த வண்டியில வந்ததே இல்லயா மொதலாளி?" என்று கேட்டாள் கருவாட்டுக்காரி.

"அவுக கார்ல வருவாக" என்றார் அவர், மெதுவாக.

"கார்ல வந்தாலும் அதே ஒடம்புதான?"

ஆண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முதலாளி டிரைவரைத் தொட்டார். "நிப்பாட்டுப்பா."

"இங்கன வெட்டவெளியா இருக்கு மொதலாளி. பின்னால போகணும்" என்றார் டிரைவர்.

"அப்பப் பின்னால போ."

புது பஸ் பின்பக்கமாக நகர்ந்தது. கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதி ஊதி வழி காட்டினார். விசில் ஒரு மாதிரி உடைந்து உடைந்து வந்தது. கண்மாய்க் கரைக்குப் பக்கத்தில் நின்றதும் ஆண்கள் யாரும் சொல்லாமலே பனங்காட்டுப் பக்கம் இறங்கினார்கள். அவர் மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, ஒனக்கு வரலயா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. சரியாப் போச்சு."

அதன் பிறகு அந்த வளைவில் பத்து நிமிஷம் நிற்க முதலாளியே நேரம் ஒதுக்கினார். மூத்த மகளுக்கு அந்த ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. கல்லுக்காரன் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. எனக்குப் பெண் பிறந்தது. ராமநாதபுரத்துக்கே மாற்றலும் கிடைத்தது. பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆர்.எஸ்.மங்கலம் லைனுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை காதில் விழுந்தது. அது வயல்காட்டுப் பாதை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் ஏறுவார்கள். அங்கேயும் எங்காவது ஒரு பாதை வெட்டியிருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் மகளிடம் நான் தண்ணீர் குடி என்று சொல்வதை நிறுத்தினேன். தலையைத் துவட்டிவிடும்போது, "பள்ளிக்கூடத்துல எங்கன போவே?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னாள். பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள். பூட்டியிருக்கும். சாவி ஆபீஸ் கிளார்க்கிடம். ஆபீஸ் வாசலில் எப்போதும் பையன்கள் நிற்பார்கள். கிளார்க், "எதுக்கு?" என்று கேட்பார். அதனால் காலையில் காப்பியோடு சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். அவள் மட்டுமல்ல, வகுப்பில் எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

"நாளைக்கு நான் வாரேன்" என்றேன்.

"ஐயோ, வேணாம்மா. என் மானமே போயிரும். இனிமே நெறையாக் குடிக்கிறேம்மா, சத்தியமா."

குடிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்களும் டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? பூட்டாம விட்டா வெளியாட்கள் வந்து அசிங்கம் பண்ணிடறாங்க. கேட்டா சாவி குடுக்கிறோமே."

"கேக்க மாட்டாங்க சார்."

"கேக்கிறதுக்கு என்னம்மா?"

"நீங்க ஒரு தடவ கேட்டுப் பாருங்க சார். அந்த வராந்தாவுல, பையன்களுக்கு நடுவுல நின்னு, எனக்கு மூத்திரம் போகணும், சாவி குடுங்கன்னு சத்தமாக் கேட்டுப் பாருங்க."

பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கின் பேனா நின்றது. தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கைகளை மடியில் வைத்து, ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொண்டேன். பூட்டை எடுக்கிற வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னேன். மணி அடித்தது, அடுத்த மணியும் அடித்தது. கடைசியில் கிளார்க் சாவியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து பூட்டை மேஜை மேல் வைத்த பிறகுதான் எழுந்தேன்.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போதும் வைக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பையைக் கழற்றி வைத்துவிட்டு, அடுக்களை நிலையில் வந்து நின்றாள்.

"அம்மா."

"என்ன?"

"எட்டாம் வகுப்புப் புள்ளைங்க நீ மறுபடி எப்ப வருவேன்னு கேக்குறாங்க."

"எதுக்காம்?"

"கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம்."

அடுப்பை அணைத்தேன்.

"நாளைக்கே வாரேன்னு சொல்லு" என்றேன்.